திருப்பிப் போட்ட மிட்டாய்

நாலரை மணி என்று பேத்தியின் பிறந்தநாள் அழைப்பில் போட்டிருந்தது. இப்போது நாலு ஐம்பத்திரண்டு. மாரப்பன் குடியிருப்பு மண்டபத்தின் கண்ணாடிக் கதவை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து வராதவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். வந்தவர்களை எண்ண எவனுக்கும் வரும். வராதவர்களை எண்ணுவதற்கு மில் கேட்டில் முப்பது வருஷம் நின்றிருக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளுமாகச் சின்ன நாற்காலிகள் இருபத்திரண்டு, மூன்று வரிசை, அத்தனையும் காலி. மேஜை மேல் இருபத்திரண்டு பரிசுப் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். மகள் வாலண்டினா தன் குண்டு எழுத்தில் நேற்று சாயங்காலம் பூரா உட்கார்ந்து எழுதி ஒட்டியவை. வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததிலிருந்து அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சனிக்கிழமை காலை குழந்தைக்கு நீச்சல் வகுப்பு, அது முடிந்த ஈரத் தலையோடு ஓவிய வகுப்பு, அங்கிருந்து நேரே ஒப்பணக்கார வீதியில் கவுன், பிறகு பலூன், பிறகு பென்சில் டப்பா இருபத்திரண்டு, ஞாயிறு காலை கேக் கடை, பிரியாணிக் கடை. இரண்டு நாளாகப் போனைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, பாவம். அவள் பார்க்கவில்லை என்பதுதான் மாரப்பனுக்கு இருந்த ஒரே நிம்மதி, அதுவும் இந்தக் கதவைப் பார்க்கப் பார்க்கக் கரைந்துகொண்டிருந்தது. ஏழு என்ற எண்ணின் வடிவத்தில் ஒரு வெள்ளிப் பலூன். கடையிலிருந்து அதை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், காரின் பின்சீட்டில், மூச்சை அடக்கிக்கொண்டு. பலூன் வெடித்தால் அவருக்கு ஆகாது. எழுபத்தொரு வயதில், ஐந்து முறை சிறைக்குப் போய் வந்தவனுக்குப் பலூனிடம் என்ன பயம் என்று மருமகன் நவநீதன் சிரித்தான். கண்ணீர்ப்புகைக் குண்டு கால்மாட்டில் விழுந்து டப்பென்று திறக்கும் சத்தத்தை அவன் கேட்டவன் இல்லை. இப்போது அந்த ஏழு சுவரில் தொங்கி மின்விசிறிக் காற்றில் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தது, ஆமாம் ஆமாம் உன்னால்தான் உன்னால்தான் என்பதைப் போல.

சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் இருந்தது. அடிக்கடி கை அங்கே போய்த் திரும்பியது. அதை ஏன் கிழித்துப் போடவில்லை? தான் எழுதிய துண்டறிக்கையைத் தானே கிழிக்க அவருக்குக் கை வராது. வியாழக்கிழமை காலை இந்தக் குடியிருப்பின் தொண்ணூற்றாறு வீட்டுக் கதவுக்குக் கீழேயும் அந்தக் காகிதம் போனது. 404-இன் கதவுக்குக் கீழே வந்ததை மட்டும் மகள் எழுவதற்குள் அவரே குனிந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். குனியும்போதே தெரிந்துவிட்டது, இது சரியில்லை என்று. நல்ல காரியம் செய்தவன் எவனாவது சொந்த வீட்டு வாசலில் திருடனைப் போலக் குனிவானா? தலைப்பை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ‘தண்ணீர் குடிக்கப் பயப்படும் பதினொரு பெண்கள்’. இங்கே கூட்டித் துடைத்துக் குப்பை எடுக்கும் பெண்கள் பதினொரு பேர். தரைத்தளத்தில், இதோ இந்த விசேஷ மண்டபத்தின் பக்கவாட்டில், ஒரு கழிப்பறை இருக்கிறது. ஆடி மாதத்திலிருந்து அதற்குப் பூட்டு. மண்டபம் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு மட்டும் சாவி என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டது. பதினொரு பேரும் ரோட்டைத் தாண்டி பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும், பங்குக்காரன் முறைப்பான். ஒரு நாள் நாலாம் மாடிப் படியில் பச்சையம்மா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “என்னம்மா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லீங்க ஐயா, மூணு மணி வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்லீங்க, குடிச்சாத்தானுங்களே போகோணும், அதுல சூடு புடிச்சிருச்சுங்க” என்றாள், ஏதோ கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிறவளைப் போல. பதினாறு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவருக்குள் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டியது. ஐயா இல்லை, தோழர் என்று கூப்பிடு என்றார். அவளுக்கு அது தோளரு என்றுதான் வந்தது.

ஆனால் கடைசி வரி. அந்தக் கடைசி வரியைத்தான் நாக்கு திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தது, விழுந்த பல்லின் இடத்தைத் தடவுவதைப் போல. தொடர்புக்கு: அ. மாரப்பன், பி பிளாக், 404. பேரும் விலாசமும் போடாத துண்டறிக்கையை அவர் வாழ்நாளில் ஒட்டியதில்லை, ஒட்ட விட்டதுமில்லை. மொட்டைக் காகிதம் கோழையின் ஆயுதம், எழுதியவன் பேரைப் போடு, எங்கே இருக்கிறான் என்று போடு, வந்து பிடித்துக்கொண்டு போகட்டும். அப்படித்தான் கைது செய்ய வந்த போலீசுக்கு மில் காலனியில் வழி கேட்கவே தேவை இருந்ததில்லை. எழுதி எழுதிப் பழகிய கை, ஜெராக்ஸ் கடையில் நின்றபடியே அந்த வரியையும் எழுதி முடித்துவிட்டது. அது தன் விலாசம் இல்லை, மகளும் மருமகனும் இருபது வருஷத் தவணையில் வாங்கிய வீட்டின் விலாசம் என்பது கைக்குத் தெரியவில்லை. மனைவி போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து அங்கே ஒண்டியிருக்கிறவன் அவர். வெள்ளிக்கிழமை பதினொரு பேரும் வேலைக்கு வரவில்லை. சனிக்கிழமை ஒவ்வொரு தளத்திலும் குப்பைப் பை நாறியது. வாலண்டினா தானே குப்பையைக் கீழே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்து, “எதுக்குன்னு தெரியலைப்பா, பாவம், அவங்களுக்கும் ஏதாச்சும் இருக்குமில்ல” என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். பிறந்தநாள் முடியட்டும் என்று விட்டார். முடியட்டும், முடியட்டும். எந்தப் போராட்டத்தையும் அவர் அப்படி ஒத்திப் போட்டதில்லை.

பேத்தி இதழினி கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து அழுத்தி நின்றாள். ஊதா கவுன். அவள் மூச்சு கண்ணாடியில் வட்டமாகப் படிந்து சுருங்கிச் சுருங்கி மறைந்தது. “தாத்தா, தன்மயா லிஃப்டுல வருவாளா படியில வருவாளா?” “முதல் மாடிதானே கண்ணு, படியிலதான் வருவா.” “அப்புறம் ஏன் இன்னும் வரல?” அதற்குப் பதில் அவர் பையில் நாலாக மடித்து இருந்தது. ஓரமாக, மேஜிக் காட்ட வந்தவர் தன் கறுப்புப் பெட்டி மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மீசை, பச்சைச் சட்டையில் ஜிகினா. “சார், எனக்கு ஏழு மணிக்கு பீளமேட்டுல இன்னொரு புரோகிராம். ஆரம்பிச்சிரலாமுங்களா?” என்றார் நவநீதனிடம். “ஆள் வரட்டுமுங்க.” “அதில்லீங்க சார், காலி நாற்காலிக்கு முன்னாடி புறாவ எடுத்தா புறாவே மூஞ்சியத் திருப்பிக்குமுங்க. கை தட்ட ஒரு நாலு கையாவது வேணும்.” நவநீதன் சிரித்தான். சிரித்துக்கொண்டே போனை எடுத்தான், எடுத்தவன் முகம் போனுக்குள் கவிழ்ந்து அப்படியே நின்றது. அவன் அண்ணன் குடும்பம் ஈரோட்டிலிருந்து வருகிறது, அவர்களாக இருக்கும், அவினாசி ரோட்டில் நெரிசல் என்று ஏதாவது இருக்கும் என்று மாரப்பன் தனக்கே சொல்லிக்கொண்டார். சிறுநீர் முட்டியது. நாலு மணியிலிருந்தே முட்டியது. கழிப்பறைச் சாவி கதவின் பக்கத்து ஆணியில், மரக்கட்டை கோத்த கயிற்றில் தொங்கியது. வாடகை கட்டியவர்களுக்கான சாவி, இன்று அவருக்கும் உரிமை உண்டு. எழுந்து போனால் ஒரு நிமிஷம். போக மாட்டார். பதினொரு பேருக்கு இல்லாத சாவி அவருக்கும் வேண்டாம். இந்த வயசில் அடக்கி வைப்பது எவ்வளவு அபத்தம் என்று தெரியும், தெரிந்தும் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோஷம் மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது, மூத்திரப்பை கேட்பதில்லை.

ஐந்தேகால். கதவுக்கு வெளியே வெள்ளைச் சட்டை தெரிந்தது. இதழினி குதித்தாள், பிறகு அடங்கினாள். சங்கச் செயலாளர் சம்பத்குமார். உள்ளே வரவில்லை. கையை ஆட்டி மாரப்பனை வெளியே கூப்பிட்டார். விபூதி, மணக்கும் பவுடர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிக்கே உரிய மென்மையான குரல். “சார், நானும் யூனியன்ல இருந்தவன்தான். பேங்க் யூனியன்.” ஆமாம், பேங்க் யூனியன், மழை வந்தால் ஊர்வலத்தைத் தள்ளிவைக்கிற யூனியன் என்று மாரப்பன் மனசுக்குள் சொன்னார். “உங்க தரப்பு நியாயம் எனக்குப் புரியுது. ஆனா இங்க எல்லாருக்கும் கோபம். புதுசா ஒரு வாட்ஸப் குரூப் போட்டாங்க, நேத்தே முடிவு பண்ணிட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், குழந்தைங்க விஷயத்துல வேண்டாம்னு.” “சொன்னீங்களா?” “சொன்னேன் சார். நீங்க ஒரு போன் பண்ணுங்க. நாளைக்கு அவங்க வேலைக்கு வரட்டும், சாவி விஷயத்தை அடுத்த கமிட்டியில பாத்துக்கலாம். இப்ப ஒரு வார்த்தை நீங்க சொன்னா அஞ்சு நிமிஷத்துல எல்லாக் குழந்தையும் கீழ இறங்கிடும். எல்லாம் டிரஸ் பண்ணி ரெடியாத்தான் இருக்கு.” டிரஸ் பண்ணி ரெடியாக. அதுதான் கத்தியாக இறங்கியது. மேலே எட்டு மாடியிலும் இருபத்திரண்டு பிள்ளைகள் தலை வாரி, புதுச் சட்டை போட்டு, டிவி முன்னால் காத்திருக்கின்றன. ஒரு வார்த்தை. அஞ்சு நிமிஷம். இந்தப் பேச்சை எங்கோ கேட்டிருக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை கேட்டிருக்கிறார். கேட்டது அவர் காதில்லை, பேசியது அவர் வாய்.

பத்து நிமிஷம் என்றுதான் அவர் சொன்னார். துரைசாமியிடம். தொண்ணூற்றொன்றில் வேலைநிறுத்தத்தின் அறுபத்தோராம் நாள், ஸ்பின்னிங் துரைசாமி பின்கேட் வழியாக மில் வேனில் ஏறி உள்ளே போனான். பெண்டாட்டிக்கு நெஞ்சுவலி என்றான். எந்தக் கருங்காலிக்குத்தான் பெண்டாட்டி நெஞ்சுவலி இல்லாமல் இருந்தாள்? கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்திருந்தார்கள், உள்ளே போனவன் பெயர் அதில் ஏறும், மாரப்பன் கையால் ஏறும், சாக்பீஸை அழுத்தி எழுதுவார், தூரத்திலிருந்தே படிக்கும்படி. அன்று சாயங்காலம் வாயிற்கூட்டத்தில், “கருங்காலி வீட்டுத் தண்ணிகூட நம்ம தொண்டையில இறங்கக் கூடாது தோழர்களே” என்றார். சும்மா ஒரு வேகத்தில் வந்த வாக்கியம். மேடைப் பேச்சில் அப்படி நூறு வரும். அடுத்த வாரம் துரைசாமியின் மகள் ரேணுகாவுக்குப் பிறந்தநாள். காலனிப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. கலர் டிரஸ் போட்டுக்கொண்டு, பிஸ்கட் டப்பாவில் ஆரஞ்சு மிட்டாயோடு ஒவ்வொரு பெஞ்சாகப் போனாள். பிள்ளைகள் ஒவ்வொன்றும் மிட்டாயை எடுத்தன, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தன, மறுபடியும் டப்பாவிலேயே போட்டன. யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது. எடுக்காமல் இருந்திருக்கலாமே, எடுத்துத் திருப்பிப் போடுவது குழந்தைகளுக்கு எப்படித் தோன்றியது? நாற்பது பிள்ளைகள், நாற்பது முறை டங் டங் என்று தகர டப்பாவில். டீச்சர் வெளியே போய் நின்றுகொண்டாளாம். மறுநாள் கேட்டில் மாரப்பன் அதை முழங்கினார், நம் குழந்தைகளும் போராடுகிறார்கள் தோழர்களே என்று. கைதட்டல் எழுந்தது. அந்த மாதிரிக் கைதட்டல் அதற்கு முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. இன்றும் சில நேரம் தூக்கத்தில் அது கேட்கும், மழையைப் போல ஆரம்பித்துத் தகரத்தில் விழுகிற மழையாக முடியும்.

“யோசிச்சுச் சொல்லுங்க சார், கேக்கெல்லாம் உருகிடும்” என்றுவிட்டு சம்பத்குமார் போனார். மாரப்பன் திரும்பினால் கதவில் வாலண்டினா. கையில் புருஷனுடைய போன். அதன் திரையில் வெள்ளையாக ஒரு காகிதத்தின் படம், தலைப்பு இங்கிருந்தே தெரிந்தது. நாற்பத்தொரு வயதில் அவள் முகம் அப்படியே அவள் அம்மா முகமாகியிருந்தது, திட்டுவதற்கு முன்னால் வரும் அந்த அமைதி. “404-ன்னு போட்டுருக்கீங்க.” “பேர் போடாம…” “தெரியும். பேர் போடாத நோட்டீஸ் மொட்டைக் காகிதம். சின்ன வயசுலருந்து கேக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமில்ல?” “சொன்னா நிறுத்தியிருப்பே.” “நிறுத்தியிருக்க மாட்டேன். தேதிய மாத்தியிருப்பேன். பொறந்தநாள அடுத்த வாரம் வெச்சிருப்பேன்.” அவருக்கு அது தோன்றவே இல்லை. தேதியை மாற்றுவது. நிர்வாகம் மாற்றும், போலீஸ் மாற்றும், சொந்தப் பெண் தன் பக்கம் நின்று தேதியை மாற்றுவாள் என்று ஒரு வழி இருந்ததே தெரியவில்லை. “அவங்க கேக்கறது நியாயம், வாலு.” “நியாயமில்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? என் மகளுக்கு என்னங்கப்பா சொல்றது? உன் பிரெண்ட்ஸ் எல்லாருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல்னா?” பிறகு அவள் சட்டென்று சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “ரேணுகா ஞாபகம் இருக்குதா உங்களுக்கு?” அவர் கண்ணாடி வழியே வெள்ளிப் பலூனைப் பார்த்தார். “எனக்குப் பக்கத்துப் பெஞ்சு. நானும் திருப்பிப் போட்டேன்னுதானே நெனச்சுட்டு இருக்கீங்க? கேட்டுல கத்திச் சொன்னீங்களே, என் மகளும்தான்னு.” “போடலையா?” “சத்தத்துக்குச் சாக்பீஸ் துண்டைப் போட்டேன். மிட்டாய உள்ளங்கையில அமுக்கிட்டேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.” சொல்லிவிட்டு, அழுகிற குழந்தையிடம் போவதைப் போல, அழாத தன் குழந்தையிடம் போய்விட்டாள்.

சாக்பீஸ் துண்டு. அவர் பையிலிருந்துதான் எடுத்திருப்பாள், கரும்பலகையில் பேர் எழுதுகிற சாக்பீஸ், சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் துண்டு துண்டாக விழும். அப்படியானால் முப்பத்தொன்பது. நாற்பது இல்லை, முப்பத்தொன்பது. அவருக்குக் கோபம் வர வேண்டும், பழைய மாரப்பனாக இருந்தால் வந்திருக்கும். வரவில்லை. வந்தது வேறு. அன்று சாயங்காலம் இரண்டு தோழர்களோடு துரைசாமி வீட்டுக்குப் போனாரே, அது வந்தது. கதவு திறந்திருந்தது. குழந்தை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தது, தலையில் இன்னும் ரிப்பன். பத்து நிமிஷம் நாளைக் காலையில் கேட்டுக்கு வந்து எங்களோடு நில்லு துரைசாமி, பலகையில் பேரை நானே அழிக்கிறேன், காலனியே உன் வீட்டுக்கு வரும், பிள்ளைக்கு மறுபடி ஒரு பிறந்தநாள் கொண்டாடலாம் என்றார். இதே மென்மையோடுதான், விபூதியும் பவுடரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். துரைசாமி குழந்தையின் மடியிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினான். “மிட்டாய் எடுத்துக்க மாரப்பா.” கேலியா, கெஞ்சலா, மரியாதையா என்று இன்றுவரை பிடிபடவில்லை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். குழந்தை அந்தக் கையைத்தான் பார்த்தது. பதினெட்டு வருஷம் கழித்து மில்லையே மூடினார்கள், போராடினவனும் தெருவில் நின்றான், காட்டிக்கொடுத்தவனும் தெருவில் நின்றான், ரேணுகா எங்கே போனாளோ. அவளுக்கும் நாற்பத்தொன்று இருக்கும். ஆரஞ்சு மிட்டாய் கடையில் தொங்குவதைப் பார்த்தால் அவளுக்கு என்ன தோன்றும்?

உள்ளே இதழினி நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. காலி நாற்காலி ஒவ்வொன்றிலும் தானே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டு போனாள். ஒன்பதாவது நாற்காலியில் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான். மாரப்பன் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் போய், மூன்று நாள் நாற்றத்துக்கு நடுவில் நின்று, பச்சையம்மாவுக்குப் போன் போட்டார்.  “தோளரு!” பின்னால் குக்கர் விசில், சிரிப்புச் சத்தம், பெண்கள் கூடியிருந்தார்கள் போல. “நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போயிருங்கம்மா. சாவியை அடுத்த கமிட்டியில பேசித் தர்றதாச் சொல்றாங்க.”  “தர்றமுன்னு எழுதிக் குடுத்தாங்ளா?” “இல்ல.” “அப்புறமெப்புடிங்க? நீங்கதானுங்களே சொன்னீங்க, எழுத்துல வராதது காத்துல போயிருமுன்னு. கூட்டத்துல கேக்காம தலைவரே ஆனாலும் பேசி முடிக்கக் கூடாதுன்னு.” “சொன்னேன். நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், போங்க.” “ஏனுங்க, உங்களை மெரட்டுனாங்களா?” அவள் குரலில் அக்கறை இருந்தது. அந்த அக்கறை தாங்கவில்லை. அதனால் உண்மையைச் சொன்னார், பேத்திக்குப் பிறந்தநாள், ஒரு குழந்தையும் வரவில்லை, இருபத்திரண்டு நாற்காலி காலி. சொல்லும்போது குரல் உடைந்தது. கேட்டில் ஒலிபெருக்கி இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்ட குரல். பச்சையம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “பொறந்தநாளுங்களா? எங்க பதினொரு பேருல ஒருத்தரையும் கூப்புடோணும்னு தோணலையாட்ட இருக்குதுங்களே தோளரு?” என்றாள். குத்தவில்லை. கேலியாகத்தான் சொன்னாள், மாமனாரைக் கேலி செய்யும் மருமகளைப் போல. “கண்ணு நல்லாருக்கட்டும். ஆனா நாங்க வரமாட்டமுங்க. சாவி வந்தாத்தான். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. இந்தப் போன் வந்ததை இவுங்ககிட்ட நான் சொல்லல.” வைத்துவிட்டாள்.

சொல்லல என்றாளே, அதுதான். அவள் அவர் பெயரைப் பலகையில் எழுதவில்லை. மறைத்துவிட்டாள். எழுதியிருந்தால் தேவலை. பெரிய எழுத்தில், சாக்பீஸை அழுத்தி. முப்பது வருஷம் எவன் எவன் பெயரையோ எழுதியவன், கடைசியில் ஒரு கேக்குக்காக, உருகிக்கொண்டிருக்கும் ஒரு சாக்லேட் கேக்குக்காகப் பின்கேட் வழியாக ஏறிப் போனான், அங்கேயும் வேனில் இடமில்லை என்று இறக்கிவிட்டுவிட்டார்கள். ஏன் கூப்பிடத் தோன்றவில்லை? பதினொரு பேருக்காகத் துண்டறிக்கை எழுதத் தெரிந்தது, பதினொரு நாற்காலி போடத் தெரியவில்லை. மாரப்பன் குப்பைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிவயிறு கல்லாகக் கனத்தது. பச்சையம்மா படியில் உட்கார்ந்திருந்ததைப் போல அவரும் கையை அங்கே வைத்து அழுத்திக்கொண்டார். துரைசாமிக்கு அன்று இப்படித்தான் இருந்திருக்குமா? இல்லை. துரைசாமி தலையை நிமிர்த்திக்கொண்டு டப்பாவை நீட்டினான்.

அவசரப் படிக்கட்டின் இரும்புக் கதவு கிறீச்சென்றது. ஒரு சின்னப் பெண் தலையை மட்டும் நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தாள். வீட்டு கவுன், கலைந்த முடி, ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு காலில் இல்லை. முதல் மாடித் தன்மயா. “தாத்தா, கேக் வெட்டியாச்சா?” “இல்லையே.” “அப்பாடா.” மூச்சு வாங்கினாள். “அம்மா தூங்கறாங்க. ஏழு மணி வரைக்கும் யாரும் கீழ போகக்கூடாதாம். எல்லாரும் அப்படித்தானாம்.” “நீ மட்டும் ஏன் வந்தே?” இது என்ன கேள்வி என்பதைப் போல அவள் அவரைப் பார்த்தாள். “சாக்லேட் கேக்கா, வெண்ணிலாவா?” “சாக்லேட்.” “அப்ப சரி.” கட்டுப்பாடு உடைந்துவிட்டது. எட்டு மாடி, இருபத்திரண்டு வீடு, நேற்றே எடுத்த ஒருமனதான முடிவு, அதை ஒற்றைச் செருப்போடு தாண்டிக்கொண்டு வந்து நிற்கிறது நாலடி உயரம். இப்படி ஒன்று தன் வரிசையிலிருந்து போயிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் காறித் துப்பிய சொல் நாக்கு நுனிக்கு வந்தது. “வாடி கருங்காலி,” என்றார். “என் பேரு தன்மயா,” என்றாள் அவள், கண்டிப்பாக. மண்டபத்துக்குள் ஓடினாள், அவரும் பின்னாலேயே வாசல் வரை வந்தார். ஓடுகிற வேகத்தில் இருந்த செருப்பும் வாசலிலேயே கழன்றது. “ஏண்டி லேட்டு?” என்று இதழினி கத்துவது கேட்டது. சந்தோஷம் இல்லை, திட்டுதான், சுத்தமான அதிகாரத் திட்டு. வாலண்டினா மேஜை மேலிருந்து தன்மயா பெயர் போட்ட பையைத் தேடி எடுத்தாள், எடுத்தவள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேஜிக்காரர் எழுந்து ஜிகினாவைத் தட்டிவிட்டார். “நாலு கை வந்தாச்சு. போதுமுங்க சார்.”

மாரப்பன் வாசலை விட்டு நகரவில்லை. கேட் பழக்கம். தலைக்கு மேலே முதல் மாடி பால்கனிக் கதவு திறந்தது. “தன்மயா! ஏய் தன்மயா!” தூக்கக் கலக்கமான பெண்குரல், அதற்குள் பயம் ஏறியிருந்தது. அதைக் கேட்டு எதிர் பிளாக் பால்கனிகளில் இரண்டு மூன்று தலைகள் எட்டின. எல்லோரும் கீழே பார்த்தார்கள். எல்லோருக்கும் 404 மாரப்பனைத் தெரியும், பேரும் விலாசமும் அச்சில் பார்த்தவர்கள். “அங்கிள், என் பொண்ணு அங்க வந்தாளா?” உள்ளே போனவன் பெயரைச் சொல். முப்பது வருஷம் அவரிடம் கேட்கப்பட்டதெல்லாம் அது ஒன்றுதான், அவர் தயங்கியதே இல்லை, உரக்கச் சொல்வார், தூரத்திலிருந்தே கேட்கும்படி. அண்ணாந்து பார்த்தார். வெயில் கண்ணில் அடித்தது. வாசலில் கிடந்த சின்னச் செருப்பின் மேல் தன் காலை மெல்ல நகர்த்தி வைத்தார். “இங்க யாரும் வரலைம்மா,” என்றார், எதிர் பிளாக்குக்கும் கேட்கும்படி. சொன்ன கையோடு, பதறுகிற தாயிடம் இதைச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது.  அந்த நேரம் பார்த்து உள்ளே புறா படபடத்து எழுந்தது, ஒரு குழந்தையின் கிறீச்சிட்ட சிரிப்பு, கூடவே இன்னொன்று. எந்தத் தாய்க்குத்தான் அது தெரியாது? அந்தப் பெண் கம்பிமேல் குனிந்து அவரையே பார்த்தாள், எதிர் பால்கனிகளை ஒரு முறை பார்த்தாள். “சரிங்க அங்கிள்,” என்றாள், அவளும் எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு குரலைத் தாழ்த்தி, “வந்தா ஆறரைக்கு அனுப்பிடுங்க. பால் குடிக்கணும்.” கதவு மூடியது. மாரப்பன் செருப்பின் மேலிருந்து காலை எடுக்கவில்லை. உள்ளே கை தட்டினார்கள். நாலே கை.